பாரம்தான், வைச்சிட்டுப் போங்கோ

எதைக் கொடுத்தாலும் அக்கா முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்ப்பார். ஒரு கையில் வைத்துப் பார்த்து, மறு கைக்கு மாற்றி, உதட்டைச் சுழித்து, "பாரம்தான்" என்பார். கொண்டு வந்தவர் "அப்ப விடுங்கோ அக்கா, வேறை ஆரும் போவினம்" என்று இழுக்கத் தொடங்கும்போதே ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, வைச்சிட்டுப் போங்கோ" என்று சொல்லிவிடுவார். அவர் கொழும்புக்கு ரயிலேறப் போகிறார் என்ற கதை காதில் விழுந்தால் போதும், எங்கள் தெருவே அவர் வீட்டு வாசலில் நிற்கும். கருவாடு, நெய்ப்போத்தல், மகளுக்குத் தைத்த சட்டை, மருமகனுக்குச் சொல்ல வேண்டிய ஏச்சு. ஏச்சைக்கூட அவர் சுமந்து கொண்டுபோய், ஒரு சொல் சிந்தாமல் இறக்கிவிட்டு வருவார்.

அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது என்று ஊர் சொல்லும். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. தெரியாமல் என்ன? ஒருவருக்கு இல்லை என்று சொன்னால் அவர் முகம் வாடும், பிறகு அந்த வாடிய முகத்தையும் தானே சுமக்க வேண்டும். அதற்குக் கருவாட்டைச் சுமப்பது சுகம் என்று கணக்குப் போட்டவர் அவர். எந்நேரமும் களைத்திருப்பார். மத்தியானத்தில் கதிரையில் சாய்ந்துகொண்டு, வீங்கிய காலை ஒரு பலகைக்கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டு, "என்ர ஆண்டவரே, இந்தக் காலைக் கழட்டி ஒரு மூலையில வைக்க ஏலுமெண்டால்" என்பார். பிறகு யாராவது படலையைத் தட்டுவார்கள்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். என் மனுசன் குடாவைக் கடந்து மூதூருக்கு ஆட்களை ஏற்றி ஓடுகிற லாஞ்சில் எஞ்சின் பார்த்தவர். அக்காவின் மனுசன் கப்பல் பட்டறையில் போர்மன். எல்லாரும் அவரைப் போர்மன் என்றே கூப்பிட்டோம். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், நாங்கள் சைவம். அதனால் எங்களுக்குள் ஒரு குறையும் வந்ததில்லை, பலகாரம்தான் இரண்டு மடங்கு வந்தது.

வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன கையோடு, போர்மனுக்கு மேலே இருந்த எஞ்சினியர் அவரையும் சீமைக்குக் கூப்பிட்டு ஒரு பட்டறையில் வேலை போட்டுக் கொடுத்தார். சில வருசம் அங்கே தனியே இருந்தார் போர்மன். வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிற காலத்தில், அக்காவைக் கப்பலேறி வரச் சொன்னார். இரண்டு பேருமாகக் காரில் ஐரோப்பா முழுவதும் ஊர் பார்த்துக்கொண்டு, இத்தாலியில் கப்பலேறி வீட்டுக்கு வரலாம் என்பது திட்டம். கலியாணம் முடித்த நாள் தொட்டு மூதூருக்கு அப்பால் மனுசன் கூட்டிப்போகாத பெண்ணுக்கு, இது சின்னக் காரியமா? எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் வயிறு எரிந்தது. எனக்கும்தான்.

அக்காவுக்கு மட்டும் முதலிலேயே விளங்கிவிட்டது. "கார் ஆரின்ர கார் தெரியுமே?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் வந்து கேட்டார். "அந்த எஞ்சினியற்றை மகன் இத்தாலியில இருக்கிறானாம். அவனுக்குக் காரைக் கொண்டுபோய்க் குடுக்கோணுமாம். இவர் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, அதுக்கு ஊர் பாக்கிறதெண்டு பேர் வைச்சிருக்கிறார். நான் எங்க போனாலும் சுமைதான் பிள்ளை."

அவர் போகிற செய்தி பரவியது. சீமைக் கோயில்கள் வழியாகப் போகிறார் என்றால் விடுவார்களா? ஆளுக்கொரு நேர்த்திக்கடன் முடிச்சோடு வந்தார்கள். திருக்கடலூரில் இருந்து மீன்காரர் ஒருவருடைய பெண்சாதி, கடலுக்குப் போன தம்பி திரும்பி வந்ததற்காக ஒரு சின்ன வெள்ளி மீன் கொண்டு வந்தார். வழக்கமாக முட்டை கொண்டு வருகிற குறிஞ்சாக்கேணி உம்மா ஒரு பை நெல்லோடு வந்தார். "கோயிலுக்கு வேணாம் புள்ள. அங்கால புறாக்கள் இருக்குமாம், எண்ட பேரால இதப் போட்டுடுங்க" என்றார். அக்கா நெல்லைத் தூக்கிப் பார்த்தார். "பாரம்தான். வைச்சிட்டுப் போங்கோ."

நானும் போனேன். என் பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. பிறக்கும்போதே நெஞ்சில் பழுது. அழுதால் உதடு நாவல்பழம் போலாகும். கொழும்பில் காட்டியாயிற்று, வளரட்டும் பார்ப்போம் என்றார்கள். வளர விட்டால்தானே வளர்வான்? கோயில் கோயிலாகப் போய்க் களைத்திருந்தேன். அவன் அரையில் கட்டியிருந்த பழைய கறுப்புக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோனேன். "அக்கா, எந்தக் கோயிலெண்டாலும் பரவாயில்லை. ஆனால் பிள்ளை வைச்சிருக்கிற மாதாவாப் பாத்து வையுங்கோ."

அந்த முடிச்சுக்கு ஒரு புளியங்கொட்டையின் பாரம்கூட இருந்திராது. அதையும் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். மறு கைக்கு மாற்றினார். "இதுவும் பாரம்தான்" என்றார். பிறகு, "வைச்சிட்டுப் போ" என்றார்.

அந்தப் பயணத்தின் கதையைப் போர்மனிடம் கேட்டால் ஒரு கதை, அக்காவிடம் கேட்டால் வேறு கதை. போர்மன் கோட்டைகளைச் சொல்வார். கல் பாவிய தெருக்கள், ஊரைச் சுற்றி மதில், மதிலுக்குள் மணிக்கூட்டுக் கோபுரம், எந்த அரசன் எந்தப் பாலத்தைக் கட்டினான் என்பதெல்லாம் சொல்வார். அக்கா படிகளைச் சொல்வார். "எல்லா ஊரிலயும் படிதான். ஏறினால் இறங்கோணும். ஏறேக்கை வராத மூளை இறங்கேக்கைதான் வரும்." சேலைக்குள் மனுசனின் காலுறையைப் போட்டு, அதற்கு மேல் செருப்பைக் கொழுவிக்கொண்டு திரிந்தாராம். அதோடு சோறில்லாமல் போர்மன் கோட்டை பார்க்கமாட்டார். அதனால் தெருவோரத்தில் காரை நிற்பாட்டி, அடுப்பை மூட்டி, குளிர்காற்றுக்குத் தன் முதுகை மறைப்பாகக் கொடுத்துக்கொண்டு, சோறு வடித்து, மாசிச் சம்பலோடு கொடுத்துவிட்டுத்தான் அடுத்த ஊர். "அவர் ஊர் பாத்தவர். நான் சோறு வெந்திட்டுதோ எண்டு பாத்தனான்."

ஊர்ப் பேர் ஒன்றும் அவர் வாயில் நிற்காது. போர்மன் "கொலோன்" என்று தொடங்கினால், "ஓ, வெள்ளி மீன் வைச்ச இடம்" என்பார். சண்டைக் காலத்தில் குண்டு போட்டு ஊரே இடிந்தபோதும், கரிபிடித்த பெரிய கோயில் மட்டும் நிமிர்ந்து நின்றதாம். "கடல் தின்னாத தம்பிக்கு நெருப்புத் தின்னாத கோயில்தான் சரி" என்று அங்கே வைத்தாராம். மிலான் என்றால் அவருக்கு முட்டைக்கார உம்மாவின் இடம். கோயில் முற்றத்தில் நின்று நெல்லைத் தூவ, புறாக்கள் வந்து சேலையை மூடிவிட்டன. போர்மன் மானம் போகிறதென்று தூணுக்குப் பின்னால் போய் நின்றார். "தம்பலகாமத்து நெல்லு. இத்தாலிப் புறாவும் மிச்சம் வைக்காமல் திண்டுது" என்று திரும்பி வந்து உம்மாவிடம் சொன்னார். உம்மா அன்றைக்கு முட்டைக்குக் காசு வாங்கவில்லை.

இன்னோர் ஊர்க் கோயிலுக்குள், போர்மன் ஒரு பெரிய மணிக்கூட்டுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்ற நேரம், கால் ஏலாமல் அக்கா ஓரமாக ஒரு மரக்கூட்டுக்குள் போய் இருந்துவிட்டார். அது சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனக் கூடு. மற்றப் பக்கத்தில் சுவாமியார் இருந்திருக்கிறார். அவர் என்னவோ கேட்க, எழுந்து போனால் மரியாதை இல்லையென்று அக்கா தமிழில் சொல்லத் தொடங்கினாராம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "எல்லாந்தான். கால் நோவு, குளிர், அவரின்ர சோறு, பையுக்குள்ள கிடக்கிற உங்கட முடிச்சுகள். அவருக்கும் விளங்கேல்லை, அவர் சொன்னது எனக்கும் விளங்கேல்லை. ஆனால் கடைசி வரைக்கும் கேட்டார். அந்த ஊரில மட்டும் நான் களைக்கேல்லை பிள்ளை."

இத்தாலியில் காரை ஒப்படைத்த கதையைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கோபம் வரும். எஞ்சினியரின் மகன் காரைச் சுற்றி வந்து, கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தானாம். "அவ்வளவு தூரம் கொண்டுபோய்க் குடுத்தம். ஒரு தேத்தண்ணி ஊத்தினவனே?" இதைச் சொல்லி முடித்தால் ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார்.

இவையெல்லாம் பிறகு கேட்ட கதைகள். அவர்கள் அங்கே ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தபோது, இங்கே என் பிள்ளை போய்விட்டான். ஒரு காலையில் பால் குடித்தான், என் தோளில் சாய்ந்தான், அவ்வளவுதான். அக்காவுக்கு அறிவிக்க வழியில்லை. தெருவில் இருக்கிறவர்களுக்கு எந்த விலாசத்தில் அறிவிப்பது?

அவர் ஊர் வந்து சேர்ந்த அன்று, ரயில் புழுதியோடு, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் சுவிஸ் மலையில் வாங்கிய ஒரு மரப்பசு. கழுத்தில் சின்ன மணி கட்டியிருந்தது. "எங்க என்ர ராசா?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் நின்ற இடத்திலேயே மணலில் இருந்துவிட்டார். நான் தூக்கிவிடவில்லை. "நான் கட்டினனான் பிள்ளை, உன்ர முடிச்சைக் கட்டினனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எப்போது கட்டினீர்கள் என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார். அவர் அதைக் கட்டிய நாளில் பிள்ளை போய் ஒரு கிழமையாகியிருந்தது.

அதற்காக நான் அவரைக் கோபிக்கவில்லை. பிந்தியது அவர் பிழையா? கோபம் வந்தது நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்குத்தான். போர்மன் வீட்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள். வழக்கம்போல அவர் பயணக் கதை தொடங்கினார். சீமையில் என் பெண்சாதியின் கூத்தைக் கேளுங்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஆற்றங்கரையில், மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊர். அவர் கோட்டைக்கு ஏறிப்போக, கால் வீங்கிய அக்கா கீழே சந்தை முற்றத்தில் நின்றுவிட்டார். முற்றத்து நடுவில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற ஒரு கல்லுப் பெண். காலடியில் தண்ணீர் ஓடுகிறது. மாதா என்று நினைத்து முழந்தாளில் இருந்து செபம் சொல்லி, முடிச்சை அதன் கையில் கட்டிவிட்டார். "நான் இறங்கி வந்து பாக்கிறன், சுத்திவர சனம் நிண்டு வேடிக்கை பாக்குது. அது மாதாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சந்தைக்குத் தண்ணி வர வைச்ச குழாய். அந்தக் காலத்துச் சந்தைக்காரி ஒருத்தியைச் செதுக்கி வைச்சிருக்கிறாங்கள். இவ குழாய்க்கு நேர்த்தி வைச்சுப்போட்டு வாறா."

எல்லாரும் சிரித்தார்கள். அது யாருடைய முடிச்சு என்று போர்மனுக்குத் தெரியாது. அக்கா குசினி வாசலில் கேக்குத் தட்டோடு நின்றார். என்னைப் பார்த்தார். நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை. ஊர்ச் சுமை முழுக்கச் சுமந்தவருக்கு என் முடிச்சுக்கு மட்டும் ஒரு கோயில் கிடைக்கவில்லையா? இத்தனை கோபுரத்தையும் படியையும் தாண்டிப் போய், என் பிள்ளையின் கயிற்றைத் தண்ணீர்க் குழாயிலா கட்ட வேண்டும்? சொல்லிச் சொல்லி என் மனுசனின் காதைத் தின்றேன். கோயிலில் கட்டியிருந்தாலும் பிள்ளை வந்திருக்கமாட்டான் என்று அவர் சொன்னார். தெரியும். தெரிந்தால் கோபம் வராதா? அந்தக் கோபத்தில் பிழை இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாம்பழக் காலத்தில், ஒரு விடியற்காலை, அக்கா வேலியடியில் வந்து நின்றார். கையில் பிரம்புக் கூடை. "மூதூருக்குப் போறன். அம்மாவுக்குக் குடுத்துவிட ஏதும் இருக்கே?" என்று கேட்டார். நேற்றுத்தான் கதைத்துப் பிரிந்தவர் போலக் கேட்டார். என் அம்மா மூதூரில் தனியே இருந்தார். எங்கள் மரத்து மாம்பழம் பழுத்துக் கிடந்தது, விட்டால் அழுகும். கோபத்துக்காகப் பழத்தை அழுக விடலாமா? கொண்டுவந்து கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார். "பாரம்தான்" என்றார். ஆனால் போகவில்லை.

"அவள் எப்படி இருந்தவள்?" என்று நான் கேட்டேன். யாரைக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியது. கூடையைக் கீழே வைத்தார்.

"கோயில் மாதாக்கள் எல்லாம் பட்டு உடுத்து, முடி வைச்சு, வடிவா இருந்தவை. பாக்கப் பாக்க எனக்கு உன்ர முடிச்சை அவையிட்டக் குடுக்க மனம் வரேல்லை. இவளுக்குக் காலில செருப்புமில்லை. ஒரு கையில பிள்ளை, மற்றக் கையில கூடை. களைச்ச முகம், பிள்ளை. மாதாவும் களைச்சுத்தானே இருந்திருப்பா எண்டு நினைச்சுக் கட்டினனான். அவர் வந்து ஏசினார், அவிட்டு எடு, வேறை கோயில்ல கட்டுவம் எண்டார். கட்டினதை அவிக்கிறதோ? அவள் பிள்ளை வைச்சிருக்கிறாள்தானே எண்டனான்."

லாஞ்ச் ஊதியது. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து இறங்குதுறைக்குப் போனார். நான் உள்ளே வந்து, மூலையில் நான் எறிந்துவிட்டிருந்த மரப்பசுவை எடுத்துத் தூசி தட்டி அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

வருசங்கள் போயின. போர்மன் நெஞ்சு நோவில் போய்ச் சேர்ந்தார். அக்கா அதற்குப் பிறகும் சுமந்தார். கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் மூதூருக்கும், கால் இரண்டும் தூணாக வீங்கும்வரை சுமந்தார். கடைசியில் படுக்கையில் விழுந்தார். இனி எழும்பமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பார்க்க வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அங்கேயும் கொடுத்துவிடத் தொடங்கினார்கள். சாகப் போகிறவரிடம் செத்தவர்களுக்குச் சேதி சொல்லி அனுப்புவது எங்கள் பக்கத்தில் உள்ளதுதான். ஆனால் அக்காவின் கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டம் லாஞ்சடியில்கூட நிற்காது. அம்மாவிடம் சொல்லுங்கோ, பேத்தி பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று. அப்புவிடம் சொல்லுங்கோ, வழக்கு வென்றுவிட்டோம் என்று. போர்மனின் தம்பி பெண்சாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணையைக் கண்டால், கிணத்தடிக் காணியை வித்துப்போட்டம், கோவிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்தார். "அதை நீயே வந்து அவரிட்டச் சொல்லு" என்றார். எல்லாரும் திகைத்துப் போனார்கள். "ஒருத்தரின்ர சுமையும் எனக்கு ஏலாது. இந்தமுறை வெறுங்கையோட போகப்போறன். கையை வீசிக்கொண்டு போகப்போறன்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒருநாளாவது சொன்னாரே. குறிஞ்சாக்கேணி உம்மாவும் வந்திருந்தார். அவர் மட்டும் ஒன்றும் கேட்காமல் அக்காவின் கையைப் பிடித்து, "சும்மா போங்க புள்ள. ஆறுதலாப் போங்க" என்றார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் கட்டிலோரத்தில் இருந்து அவர் காலைப் பிடித்துவிட்டேன். அமுக்கினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. நித்திரை என்றுதான் நினைத்தேன்.

"உன்ரது எங்கை?" என்றார்.

"என்னது அக்கா?"

"நீ ஒண்டும் தரேல்லையே."

"ஏலாதெண்டு சொன்னனீங்கள். களைச்சுப் போனியள். பேசாமல் படுங்கோ."

"மற்றவையின்ரதுதான் ஏலாது. உன்ரதை வைச்சிட்டுப் போ."

எத்தனையோ வருசமாக என் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. வந்தது இவ்வளவுதான்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பமாட்டான் அக்கா. குஞ்சு எண்டு கூப்பிடுங்கோ. தூக்கேக்கை தோளோடை நிமித்தித் தூக்குங்கோ. படுக்க வைச்சால் அவனுக்கு மூச்சு முட்டும்."

"குஞ்சு" என்று அக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கையை விரித்து என் பக்கம் நீட்டினார். அதில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. என் கையை வைத்தேன். அந்தப் பழைய பழக்கத்தில், ஏலாத கையால், என் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"பாரமில்லை" என்றார்.